ஐந்து விரல் உயரத்தில் இருந்த ஊர்

சிப்பித்துறை தன் இடத்தை விட்டுக் கிளம்பியது ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில். ஊரில் இருந்த எண்ணூறு பேரில் அது முதலில் தெரிந்தது ராவியத்து ஒருத்திக்குத்தான். அதுவும் நாற்பது நாள் கழித்து, மழை வெறித்து, வடக்கே துருவ நட்சத்திரம் கண்ணில் பட்ட முதல் அந்தியில், மாடிக்கு ஏறிக் கயிற்றைப் பல்லில் கடித்துப் பலகையை நீட்டிப் பார்த்தபோது, கடல் மட்டத்துக்கு மேல் ஐந்து விரல் உயரத்தில் நிற்க வேண்டிய நட்சத்திரம் அதற்குக் கொஞ்சம் கீழே நின்றது. நட்சத்திரம் தாழாது, கயிறு நீளாது, அப்படியானால் நாம்தான் தெற்கே வந்திருக்கிறோம் என்று அவளுக்குப் புரிந்தது. இருந்தாலும் தன் அளவில்தான் பிசகோ என்று இன்னும் மூன்று நாள் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

அவள் அளவில் பிசகு வராது. ராவியத்தின் வாப்பா முத்துச் சல்லடை செய்கிறவர்; சின்ன முத்து, நடு முத்து, பெரிய முத்து என்று பிரிப்பதற்காகப் பித்தளைத் தட்டில் அளவு அளவாகத் துளை போடுகிற வேலை, ஒரு துளை மயிரிழை பெரிதானாலும் வியாபாரிகள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அந்தத் தட்டுகளுக்கு நடுவில் வளர்ந்தவளுக்கு எதைப் பார்த்தாலும் அளக்க வேண்டும், அளந்த பிறகு அதற்கு அப்பால் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். உட்கார் என்றால் கால் ஆடும், காலைப் பிடித்தால் விரல் ஆடும், விரலைப் பிடித்தால் கண் சுவரைத் தாண்டிப் போய்விடும். பதினேழு வயதில் உதுமான் நெய்னா என்கிற மாலுமிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு கப்பலுக்கே வழி சொல்கிறவன் வீட்டுக்குப் போகிறோம், இனிக் கடலும் நமக்குத்தான் என்று சந்தோஷப்பட்டாள். ஆனால் கடலுக்கு ஆண்கள் போனார்கள், பெண்கள் மாடியில் நின்று பார்த்தார்கள், அதுதான் ஊர் வழக்கம்.

அவர்களுடைய முதல் குழந்தை காய்ச்சலில் கிடந்தபோது உதுமானின் கப்பல் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தக் கரை நெடுக ஒரே மணல், ஒரே பனை. ஊர் வடக்கே இருக்கிறதா தெற்கே இருக்கிறதா என்று தெரியாமல் கரையோடு மூன்று நாள் மேலும் கீழும் அலைந்து அவன் வந்து சேர்ந்தபோது குழந்தையை அடக்கி இரண்டு நாள் ஆகியிருந்தது.

"கடைசியில ஊர எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ராவியத்து கேட்டாள்.

"பனைய பாத்து."

"பனை எல்லா ஊர்லயும் நிக்குதே."

"அதான் மூணு நாள் ஆச்சு புள்ள," என்று சொல்லிவிட்டு அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

அன்றிலிருந்து அவள் நடந்தாள். பகலில் முற்றத்திலும் பொழுது சாய்ந்தால் மாடியிலும் நடந்தாள். கீழே படுத்திருந்தவர்கள் அவள் காலடி ஓசையிலேயே தூங்கப் பழகினார்கள். பனை எல்லா ஊரிலும் நிற்கும், ஆனால் வடக்கே அசையாமல் நிற்கிற அந்த ஒற்றை நட்சத்திரம் எல்லா ஊரிலும் ஒரே உயரத்தில் நிற்காது என்று மாலுமிகள் பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டிருந்தாள். முதலில் விரலை நீட்டி அளந்தாள். ஆளுக்கு ஆள் விரல் வேறு என்பதால் அதை விட்டாள். பிறகு வெற்றிலை அளவுக்கு ஒரு பலகை இழைத்து, நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்தாள். பலகையின் கீழ் விளிம்பு கடல் கோட்டிலும் மேல் விளிம்பு நட்சத்திரத்திலும் படுகிற மாதிரி தள்ளிப் பிடித்து, அந்த இடத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டாள்; பழைய கணக்கில் அது ஐந்து விரல் முடிச்சு. முடிச்சைப் பல்லில் கடித்துக் கயிறு விறைக்கப் பலகையை நீட்டினால் போதும். விளிம்பு இரண்டும் பொருந்துகிற இடமெல்லாம் சிப்பித்துறையின் நேர்க்கோடு, அங்கிருந்து கரையைப் பார்த்துக் கப்பலைத் திருப்பினால் நேரே வீட்டு வாசல்.

உதுமான் அதைக் கொண்டுபோய்த் தான் போன துறைமுகம் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு வந்தான். ராவியத்து அந்தக் கயிற்றை வாயில் வைத்து நாக்கால் தடவிக்கொண்டே போவாள். கள்ளிக்கோட்டை முடிச்சு, ஏமன் முடிச்சு, மலாக்கா முடிச்சு என்று, வீட்டு வாசல் தாண்டாதவள் உலகத்துத் துறைமுகங்களையெல்லாம் நாக்கால் அறிந்தாள். பத்து வருடத்தில் ஊரின் பதினொரு கப்பலிலும் அவள் பலகை இருந்தது, பதினொன்றிலும் ஐந்து விரல் முடிச்சு இருந்தது, ஒரு கப்பலும் வழி தவறவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் ஊர் கிளம்பியது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பங்கழி, நடுவில் மணல்திட்டு, அதுதான் சிப்பித்துறை. நிலத்தோடு அதைப் பிடித்து வைத்திருந்தது வண்டி போகிற அகலத்துக்கு ஒரு மணல்வழி. ஐப்பசி வெள்ளம் அந்த வழியை அறுத்தது. அறுபட்ட பிறகு இருக்க வேண்டிய காரணம் ஒன்றும் இல்லாததால் ஊர் புறப்பட்டுவிட்டது.

ராவியத்து ஊர்த் தலைவரான பெரிய மரைக்காயரிடம் போனாள்.

"ஊரு தெக்க போய்க்கிட்டு இருக்கு மாமா."

"எந்த ஊரு?"

"நாம நிக்கிற ஊரு."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "எம்புட்டு வேகமா?"

"நாளைக்கு ஒரு கூப்பிடு தூரம்."

"அப்ப அவசரமில்ல," என்று சொல்லிவிட்டு அவர் பாதியில் விட்ட மீனைச் சாப்பிட்டு முடித்தார்.

விஷயம் தெரிந்ததும் ஊருக்கு உண்மையில் நிம்மதிதான் வந்தது. எதிர்க்கரையில் இருந்த உப்பளம் எங்கே போனது, சந்தைக்கு வருகிற மாட்டு வண்டி ஏன் வரவில்லை, நண்டு விற்கிறவள் கரையிலிருந்து கூப்பிடுகிற குரல் ஏன் நாளுக்கு நாள் தேய்ந்து ஒருநாள் நின்றேபோனது என்று நாற்பது நாளாக ஆளுக்கொரு காரணம் சொல்லிச் சண்டை போட்டவர்களுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் கிடைத்தது. ஊர் போகிற போக்கில் இலேசாகத் திரும்பவும் செய்தது. அதனால் வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசல் தரையில் தொழுகைத் திசைக் கோட்டை மாற்றிப் போட வேண்டியிருந்தது. ராவியத்து வெளியே நின்று சொல்லச் சொல்ல, பாங்கு சொல்கிற மோதினார் உள்ளே கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டார். மீனவர் தெருவில் வடக்கு வாசல் அம்மன் இப்போது கிழக்கே பார்க்கத் தொடங்கினாள். வாசலை இடித்துக் கட்டலாமா என்று கேட்டதற்குப் பூசாரி, அம்மன் பார்க்கிற திசைதான் வடக்கு, மற்றவர்கள் வேண்டுமானால் திரும்பிக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். உள்நாட்டிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள் ஒரு மாதம் வாந்தி எடுத்தார்கள். அந்த வருடம் பிறந்த குழந்தைகள் கப்பல்காரர்களைப் போலக் காலை அகட்டி வைத்தே நடை பழகின. வலையில் பேர் தெரியாத மீன்கள் விழுந்தன. எந்த மீன் எந்தச் சொந்தக்காரரின் முகச் சாயலில் இருந்ததோ அவர் பேரையே அதற்கு வைத்தார்கள், அதனால் இரண்டு குடும்பங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

இன்னொன்றும் நடந்தது, அதுதான் பெரியது. நிலத்தில் இரண்டு தலைவர்கள் ஒன்பது வருடமாக ஒருவரோடு ஒருவர் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். அறுப்பு முடிந்ததும் இருவருடைய படையாட்களும் மாறி மாறி ஊருக்குள் வந்து, ஈட்டி தூக்குகிற வயதில் இருக்கிற பிள்ளைகளைப் பிடித்துப் போவார்கள். அப்படிப் போனவர்கள் அறுபத்து மூன்று பேர். திரும்பியவர் ஒருவரும் இல்லை. அந்த வருடம் அறுப்புக் காலம் வந்தது, போனது, படையாட்கள் வரவில்லை. வந்திருப்பார்கள், வந்த இடத்தில் ஊர் இருந்திருக்காது. தானியக் குதிருக்குள்ளும் கவிழ்த்துப் போட்ட மீன்பிடி வள்ளத்தின் அடியிலும் பிள்ளைகளை ஒளித்து வைத்திருந்த தாய்மார் அவர்களை வெளியே விட்டார்கள். இருபது வயதுப் பையன்கள் பட்டப்பகலில், ஒரு வேலையும் இல்லாமல், சும்மா தெருவில் நடந்தார்கள்.

அதனால்தான் ராவியத்து ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்றபோது யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"பதினோரு கப்பல் வெளிய கிடக்கு," என்றாள். "எல்லாத்துலயும் நான் கட்டின அஞ்சு விரல் முடிச்சு. நம்பி அங்க வருவாங்க. வந்தா அங்க தண்ணிதான் இருக்கும். யாராவது போய்ச் சொல்லணும்."

கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு தாய் எழுந்தாள். ஒரு மகனைப் படைக்குக் கொடுத்தவள், இன்னொருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "கப்பக்காரனுக்குச் சொல்லுற வழி படைக்காரன் காதுலயும் விழும். உன் புருஷன் வரணும்னு என் புள்ளய அனுப்பச் சொல்லுறியா?"

ராவியத்து வீட்டுக்கு வந்து நடந்தாள். அந்தத் தாய் சொன்னதும் சரி, பதினொரு கப்பலில் நூற்றி எழுபது பேர் இருப்பதும் நிஜம். இரண்டும் அவள் காலுக்குக் கீழே கூடவே நடந்தன. தான் போட்ட முடிச்சு அல்லவா, அதுவே தன் ஆட்களை இல்லாத இடத்துக்கு இழுத்துக்கொண்டு போகப் போகிறதே என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

எட்டாம் நாள் மீனவர் தெருச் சடையாண்டி வந்து வாசலில் நின்றார். அவருடைய ஒரே மகன் சுடலையைப் படையாட்கள் இழுத்துப் போய் நாலு வருடம் ஆகியிருந்தது.

"வள்ளம் எங்கிட்ட இருக்கு தாயீ."

"அண்ணே, படையாளுக அந்தக் கரையிலதான சுத்துறாங்க. பயமில்லையா?"

"சுத்துறாங்கன்னுதான வாரேன்," என்றார்.

அவள் புதுக் கயிறுகள் கட்டினாள். இதில் முடிச்சு இறுகி நிற்காது, ஓடும். முடிச்சுக்குக் கீழே வரிசையாகச் சின்னச் சோழிகள் கோத்திருந்தாள். பிறை தெரிகிற மாதம் ஒவ்வொன்றுக்கும் முடிச்சை ஒரு சோழி தள்ள வேண்டும். தள்ளினால் அந்த மாதம் ஊர் எங்கே இருக்குமோ அந்த உயரம் கிடைக்கும். ஓர் இடத்தைக் காட்டுகிற கயிற்றை முதலில் செய்தவளும் அவள்தான், போய்க்கொண்டே இருக்கிற இடத்தைக் காட்டுகிற கயிற்றைச் செய்தவளும் அவள்தான். பதினொன்று கட்டிக் கூடையில் போட்டுக்கொண்டு, ஆண்கள் எல்லாரும் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பள்ளியில் நின்ற நேரம் பார்த்துச் சடையாண்டியின் வள்ளத்தில் ஏறினாள்.

இரண்டு நாள் வாந்தி எடுத்தாள். மூன்றாம் நாள் எழுந்து நின்றவள் பிறகு உட்காரவே இல்லை. வள்ளத்தில் நடக்க இடம் இல்லாததால் நின்றபடியே காலை மாற்றி மாற்றி வைத்தாள். அந்தியில் கயிற்றைக் கடித்து, நட்சத்திரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறுவதைப் பார்த்தாள். ஐந்து விரலுக்கு வந்தபோது கரையைப் பார்த்துத் திருப்பச் சொன்னாள். ஊர் இருந்த இடத்தில் ஊரின் வடிவத்திலேயே கடல் இருந்தது. தெருக்கள் இருந்த இடம் நீலமாகவும் வீடுகள் இருந்த இடம் கொஞ்சம் பச்சையாகவும் தெரிந்தன. கரையில் பனையோலையால் ஒரு குடிசை போட்டு இருவரும் காத்திருந்தார்கள்.

மூன்று மாதத்தில் முதல் கப்பல் வந்தது. பிறகு ஒன்று, பிறகு இரண்டு சேர்ந்து. சிலர் சிரித்தார்கள், சிலர் மணலில் விழுந்து அழுதார்கள். ஒருவன் எதையும் நம்ப மாட்டேன் என்று தன் வீடு இருந்த இடத்தில் குதித்து மூழ்கினான். வெகுநேரம் கழித்துக் கைநிறையச் சேற்றோடு மேலே வந்து, ஒன்றும் பேசாமல் கயிற்றை வாங்கிக்கொண்டு போனான். ஒன்பது கப்பலுக்குக் கொடுத்தாயிற்று; கூடையில் இரண்டு கயிறு மீதி இருந்தபோது படையாட்கள் வந்தார்கள்.

முப்பது பேர். முன்னால் குதிரையில் படைத்தலைவன். நாலாவது ஆளாக, ஈட்டியோடு, தாடி வளர்ந்து, சுடலை. சடையாண்டி அவனைப் பார்த்தார். அவன் அவரைப் பார்த்துவிட்டுக் கடலைப் பார்த்தான்.

"இங்க ஒரு ஊர் இருந்ததே?" என்றான் படைத்தலைவன்.

"வெள்ளத்துல போச்சு," என்றாள் ராவியத்து. சொன்னது பொய் இல்லை.

"அப்ப நீங்க யாரு?"

"போனவங்களுக்காக நிக்கிறோம்."

அவன் நம்பவில்லை. "டேய், நீ இந்தப் பக்கத்து ஆளுதான? இவங்கள தெரியுமா?"

"தெரியாது," என்றான் சுடலை. சடையாண்டியின் கை வலைக் கயிற்றை இறுக்கிப் பிடித்தது, தலை நிமிரவில்லை.

"உள்ள போய்ப் பாரு."

சுடலை குடிசைக்குள் போனான். கூடையைக் கவிழ்க்கிற சத்தம் கேட்டது. ராவியத்து தன் வாழ்நாளில் அசையாமல் நின்றது அந்த ஒரு பொழுதுதான். அவன் வெளியே வந்து, "வலை பின்னுற கயிறும் சோழியும் கெடக்கு, வேற ஒண்ணும் இல்ல," என்றான். படைத்தலைவன் அவள் கழுத்தில் தொங்கிய பழைய பலகையைப் பிடித்து இழுத்தான். கப்பல்காரர்கள் இதை வைத்துத்தான் ஊரைக் கண்டுபிடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தான். எந்த முடிச்சு சிப்பித்துறை என்று கேட்டான். அவள் உள்ளதை உள்ளபடி காட்டிக் கொடுத்தாள். பிறகு அவன் இரண்டு தோணிகளைப் பிடித்து, மாலுமி ஒருவனை மிரட்டி ஏற்றி, அந்த முடிச்சைக் கடிக்கச் சொல்லிக் கடலில் சுற்றினான் என்றும், எந்தப் பக்கம் போனாலும் அது அவனை அந்தக் குடிசைக்கு எதிரிலேயே கொண்டுவந்து நிறுத்தியது என்றும் பின்னால் கேள்விப்பட்டார்கள்.

படை போன பிறகு கூடையை நிமிர்த்தினாள். ஒரு கயிறுதான் இருந்தது.

"எடுத்துட்டான் அண்ணே," என்றாள்.

சடையாண்டி படை போன பக்கம் பார்த்தார். "எடுத்தவன் ஆளக் கூட்டிக்கிட்டு வருவானோ?"

"ஆளக் கூட்டிக்கிட்டு வரணும்னா இப்பவே காட்டிக் கொடுத்திருப்பானே."

"இருந்தாலும்," என்றார் அவர். அன்றிலிருந்து அவர் கடலுக்கு முதுகைக் காட்டி, நிலத்தைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

பத்தாவது கப்பல் வரவே இல்லை. அது மலாக்காவுக்கு அப்பால் புயலில் போய்விட்டதென்று வேறு கப்பல்காரர்கள் சொன்னார்கள். கடைசியாக, அவள் வந்து ஒன்றரை வருடம் ஆன ஒரு பிற்பகலில், கிழிந்த பாயோடு உதுமானின் கப்பல் வந்தது. அவன் தோணியில் ஏறிக் கரைக்கு வந்தான். வெயிலில் கறுத்து, முடி செம்பட்டையாகி நின்றவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

"இது எந்த ஊரும்மா?"

"இது ஊர் இல்ல."

"அது எப்படி? நேரா அஞ்சு விரல்ல வந்திருக்கேன். இந்தக் கயிறு பொய் சொல்லாது. என் பெஞ்சாதி கட்டினது."

"கயிறு பொய் சொல்லல," என்றாள் ராவியத்து. "ஊர்தான் சொன்ன சொல்லுல நிக்கல."

அந்தக் குரலைக் கேட்டு அவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். எழுந்ததும் முதலில் கேட்டது, "நீ கடல்லயா வந்தே?" என்பதைத்தான்.

"ரெண்டு நாள்தான் வாந்தி எடுத்தேன்," என்றாள்.

கடைசிக் கயிற்றை வைத்துக்கொண்டு தெற்கே போனார்கள். அவள் கணக்கிட்ட இடத்தில் ஊர் இல்லை. கப்பலில் எல்லாரும் விளிம்புக்கு வந்து கடலைத் துழாவிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பாய்மரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கால் நாள் பயணம் தள்ளி ஊர் தெரிந்தது. ஒன்பது கப்பல் வந்து சேர்ந்த பாரமோ என்னவோ, கொஞ்சம் வேகம் கூடியிருந்தது. கரை இறங்கிய சடையாண்டி நேரே வீட்டுக்குப் போனார். முற்றத்தில் தாடி மழித்த சுடலை வலைக்கு ஈய மணி கட்டிக்கொண்டிருந்தான். திருடிய தோணியில், கயிற்றைக் கடித்துக் கடித்து, தனியாக வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. "ஏன்ல, அப்பனத் தெரியாதுன்னுட்டியே," என்று அவர் அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார், பிறகு அந்த இடத்தையே தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எதிர்த்துப் பேசிய தாய் ராவியத்தின் வீட்டுக்கு ஒரு சட்டி மீன் கொண்டுவந்து வைத்தாள். அவளுடைய மூத்த மகனைப் பற்றிச் சுடலைக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

உதுமான் அதன் பிறகு கப்பலுக்குப் போகவில்லை. ஊரே போய்க்கொண்டிருக்கும்போது தனியாக வேறு எங்கே போவது என்றான். சில மாதம் இடப்பக்கம் இலங்கை மலை தெரிந்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. நாலு விரல், மூன்று விரல், இரண்டு விரல் என்று நட்சத்திரம் தாழ்ந்தது. தினமும் அந்தியில் ராவியத்து அளந்து சொன்னதை மோதினார் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போவார்; அது கேட்ட பிறகுதான் வீடுகளில் விளக்கேற்றினார்கள். ஆறாவது வருடம் மார்கழியில் அவள் பலகையை நீட்டியபோது நட்சத்திரம் கடல் கோட்டில் கிடந்தது. அடுத்த அந்தியில் அது இல்லை.

ஊர் முழுக்க அவள் வாசலில் கூடியது. "நாம இப்ப எங்க இருக்கோம்?" என்று பெரிய மரைக்காயர் கேட்டார். "தெரியல மாமா," என்றாள். அந்தச் சொல் அவள் வாயிலிருந்து வருவது அதுதான் முதல் தடவை. உள்ளே போய்ப் படுத்தவள் மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. மாடியில் காலடி ஓசை நின்றதால் அந்த மூன்று நாளும் ஊரில் ஒருவரும் தூங்கவில்லை.

நாலாம் நாள் எழுந்தாள். அதுவரை ஊரில் யாரும் பொழுது போக்கப் போகாத தெற்குக் கரைக்குப் போனாள். வீட்டுக்கு ஒருவர் வந்து உட்காருங்கள், அசையாமல் நிற்கிற ஒரு நட்சத்திரத்தைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றாள். ஆறு மாதம் பார்த்தார்கள். பெரிய மரைக்காயர் ஒன்றைச் சொன்னார், அது ஒரு நாழிகையில் நகர்ந்தது. சுடலை ஒன்றைச் சொன்னான், அதுவும் நகர்ந்தது. ஒவ்வொரு குடும்பமும் ஒரு நட்சத்திரத்தைச் சொந்தம் கொண்டாடிச் சண்டை போட்டது, எல்லாம் நகர்ந்தன. தெற்கே நிற்கிற நட்சத்திரம் என்று ஒன்றும் இல்லை. சனங்கள் ஒவ்வொருவராக வருவதை நிறுத்தினார்கள். ராவியத்து மட்டும், அவை நகர்கிற வழியையெல்லாம் மணலில் கோடு கோடாகக் கீறிக்கொண்டிருந்தாள். எல்லாக் கோடும் வளைந்து வளைந்து ஒரே இடத்தைச் சுற்றிவந்தன.

ஓர் அந்தியில் உதுமானைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"காத்தாடி மாதிரி நாலு நட்சத்திரம் நிக்குதா? அதோட வாலு காட்டுற பக்கம் கீழ இறங்குங்க. அங்க என்ன தெரியுது?"

அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "ஒண்ணும் தெரியல."

"நல்லாப் பாருங்க."

"ஒண்ணுமே இல்ல புள்ள. இருட்டா ஒரு இடம்."

"அதான்," என்றாள். "அதான் நிக்குது."

அவள் கயிற்றைக் கடித்தாள். கீழ் விளிம்பைக் கடலில் வைத்து, மேல் விளிம்பை அந்த ஒன்றும் இல்லாத இடத்தில் பொருத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். பல்லை விட்டு, "அரை விரல்," என்றாள். உதுமான் திரும்பி மோதினாரிடம் சொன்னான், மோதினார் தெரு முனையில் நின்றவர்களிடம் சொன்னார், அரை விரல், அரை விரல் என்று சொல் வீட்டுக்கு வீடு தாவி மீனவர் தெருவைத் தாண்டி ஊரின் வடக்குக் கோடி வரைக்கும் போயிற்று. அரை விரல் என்றால் எந்த இடம், எந்தக் கடல், பக்கத்தில் எந்தக் கரை என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டதே போதும் என்று ஒவ்வொரு வீடாக விளக்கேற்றிக்கொண்டு வந்தார்கள்.